வேலை தேடும் வன்னிப் பட்டதாரிகளுக்கு: வாசகர் கேள்வி – பதில்

இம்முறை வந்த கடிதங்களிற் பெரும்பாலானவை கிளிநொச்சி, முல்லைத்தீவு, வவுனியா மாவட்டங்களிலுள்ள பட்டதாரிகளும் அவர்களுடைய வீட்டாரும் எழுதியவை. அவற்றுள் ஆறினைத் தெரிந்து, பெயரைத் தவிர்த்து ஊரை மட்டும் குறித்து விடை தருகிறேன். சில கடிதங்களைச் சுருக்கியிருக்கிறேன்.

கேள்வி: மதிப்பிற்குரிய ஐயா, நான் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் தமிழைச் சிறப்புப் பாடமாகக் கற்றுப் பட்டம் பெற்றவள். இரண்டு வருடங்களாக வீட்டில் இருக்கிறேன். மாலையில் சாதாரண தரப் பிள்ளைகளுக்குத் தமிழ் கற்பிக்கிறேன். எங்கள் மாதர் கிராம அபிவிருத்திச் சங்கத்தின் பொருளாளராகவும் இருக்கிறேன். அரசசார்பற்ற நிறுவனமொன்றின் நேர்முகத் தேர்வில் "உங்களைப் பற்றிச் சொல்லுங்கள்" என்று கேட்டபோது பெயர், ஊர், பாடசாலை, பட்டம் ஆகியவற்றைச் சொல்லி நிறுத்திவிட்டேன். அதற்கு மேற் சொல்வது தற்புகழ்ச்சியாகப் பட்டது. உண்மையில் எனக்கு வேறு திறன் எதுவும் இருப்பதாகவும் தெரியவில்லை. நான் என்ன செய்யலாம்?
— தமிழ்ப் பட்டதாரி, மல்லாவி

பதில்: தமிழைச் சிறப்பாகக் கற்றவர் என்பதால் நன்னூலிலிருந்தே தொடங்குகிறேன். தன்னைத் தானே புகழ்தல் தகாது என்ற பொதுவிதிக்கு அந்நூலின் பாயிரம் சில விலக்குகளைத் தருவதை நீங்கள் படித்திருப்பீர்கள். மன்னன் அவைக்கு ஓலை விடுக்கும் இடம் அவற்றுள் ஒன்று. தன் ஆற்றலை அறியாதவர் நடுவே நிற்கும் இடம் மற்றொன்று. வேலை விண்ணப்பத்தை முன்னதிலும் நேர்முகத் தேர்வைப் பின்னதிலும் அடக்கினால் இலக்கண ஆசிரியர் எவரும் கோபிக்கமாட்டார். மல்லாவியில் உங்களை எல்லோருக்கும் தெரியும். மேசைக்கு அப்பால் இருந்தவர்களுக்கோ நீங்கள் எழுதித் தந்த தாளையும் நீங்கள் வாய்விட்டுச் சொல்வதையும் தவிர உங்களை அறிய வேறு வழி இல்லை.

புகழ்ச்சி எது, தகவல் எது என்று பிரித்துக்கொண்டால் உங்கள் கூச்சம் பெரும்பாலும் நீங்கிவிடும். "நான் கடின உழைப்பாளி, தலைமைத்துவப் பண்பு மிக்கவள், குழுவாக இயங்கக்கூடியவள்" என்று எழுதுவது புகழ்ச்சி. அதை எல்லோரும் எழுதுகிறார்கள். அதனால் எவரும் நம்புவதில்லை. "இரண்டு வருடங்களாக எங்கள் மாதர் சங்கத்தின் சுழற்சிக் கடன் கணக்கை நான் வைத்திருக்கிறேன், மாதாந்தக் கூட்ட அறிக்கையை எழுதுகிறேன், தவணை தவறியவர்களின் வீட்டுக்குச் சென்று பேசுகிறேன்" என்பது தகவல். அதில் உங்களை நீங்கள் ஓரிடத்திலும் மெச்சிக்கொள்ளவில்லை. ஆயினும் கணக்கு, எழுத்து, மக்களோடு பழகும் பக்குவம் ஆகிய மூன்றையும் கேட்பவர் தாமாகவே உணர்ந்துகொள்வார். உங்கள் கடிதத்திலேயே இவ்வளவு இருக்க, திறன் எதுவும் இல்லை என்று நீங்கள் எழுதியிருப்பது வியப்பாக இருக்கிறது. சம்பளம் வராத வேலையை வேலை என்று எண்ணாத வழக்கம் எங்கள் வீடுகளில் ஊறிப்போனது. பெண்பிள்ளைகள் விடயத்தில் அது இன்னும் கூடுதலாக உண்டு.

ஆகவே முதலிற் செய்யவேண்டியது சுயவிபரக்கோவையைத் திருப்பி எழுதுவது. வழக்கமான சுயவிபரக்கோவையில் முதற்பக்கம் முழுவதும் தகப்பனார் பெயர், சமயம், அடையாள அட்டை இலக்கம், கிராம அலுவலர் பிரிவு, சாதாரண தரப் பெறுபேறு என்று நிரம்பியிருக்கும். செய்த வேலை இரண்டாம் பக்கத்தின் அடியில் ஒரு வரியில் ஒதுங்கிக் கிடக்கும். தனியார் துறைக்கும் தொண்டு நிறுவனங்களுக்கும் அனுப்பும்போது இந்த ஒழுங்கை மாற்றுங்கள். பெயர், தொலைபேசி இலக்கம், மின்னஞ்சல் ஆகியவற்றின் கீழே, செய்த வேலைகளை எழுதுங்கள்: பொருளாளர் பணி, கற்பித்தல், பல்கலைக்கழகத்தில் மலர் தொகுத்திருந்தால் அது, ஆய்வேட்டுக்காகக் களத்தில் தகவல் திரட்டியிருந்தால் அது. ஒவ்வொன்றிலும் எத்தனை உறுப்பினர், எவ்வளவு தொகை, எத்தனை மாணவர் என்ற உண்மையான எண் ஒன்று இருக்கட்டும். பட்டமும் பரீட்சைப் பெறுபேறுகளும் அதன் பின்னர் வரலாம். அரச வேலைக்கு வர்த்தமானியில் மாதிரிப் படிவம் கொடுக்கப்பட்டிருந்தால் மட்டும் இந்த யோசனை பொருந்தாது. அங்கே படிவத்திலுள்ள ஒழுங்கை எழுத்துப் பிசகாமற் பின்பற்றவேண்டும், இல்லாவிட்டால் விண்ணப்பத்தை வாசிக்காமலே நிராகரித்துவிடுவார்கள்.

ஒரே சுயவிபரக்கோவையைப் படியெடுத்து எல்லா இடத்துக்கும் அனுப்புவது, மண்ணைப் பாராமல் மேட்டிலும் பள்ளத்திலும் ஒரே விதைநெல்லை விசிறுவதற்கு ஒப்பானது. நுண்கடன் நிறுவனத்துக்கு விண்ணப்பிக்கும்போது சங்கக் கணக்கு முதலில் வரவேண்டும். தனியார் பாடசாலைக்கு விண்ணப்பிக்கும்போது கற்பித்தலும் உங்களிடம் படித்த பிள்ளைகளின் பெறுபேறும் முதலில் வரவேண்டும். பதிப்பகம், அச்சகம், மொழிபெயர்ப்பு என்று எழுத்தோடு தொடர்புடைய வேலைகளுக்கு நீங்கள் திருத்தித் தந்த இரண்டு பக்கங்களை, திருத்துவதற்கு முன்னும் பின்னுமாக, இணைத்து அனுப்புங்கள். பிழையற்ற தமிழ் எழுதக்கூடியவர் ஒருவரைத் தேடி அலைகின்ற அலுவலகங்கள் உண்டு. நீங்கள் "தமிழ்ப் பட்டதாரி" என்று மட்டும் அறிமுகம் செய்துகொண்டால், நீங்களே அந்த ஆள் என்று அவர்களுக்கு விளங்காது.

நேர்முகத்தில் அதே கேள்வி மீண்டும் வரும். அதற்கு நான்கு வாக்கியம் போதும். கண்ணாடிக்கு முன் நின்று பாடமாக்காமல், வீட்டில் யாருக்காவது சொல்லிப் பழகுங்கள். ஊரையும் பட்டத்தையும் ஒரு வாக்கியத்தில் முடியுங்கள். இப்போது செய்யும் பணியை இரண்டாவதில் சொல்லுங்கள். அதில் எதிர்ப்பட்ட ஒரு சிக்கலையும் அதை நீங்கள் தீர்த்த விதத்தையும் மூன்றாவதில் சொல்லுங்கள். நான்காவது வாக்கியம் அவர்களுடைய விளம்பரத்தைத் தொடவேண்டும்: "நீங்கள் களப்பணி என்று கேட்டிருக்கிறீர்கள், அந்த வேலையைத்தான் இரண்டு வருடமாகச் சம்பளமின்றிச் செய்துவருகிறேன்."

கசப்பான செய்தி ஒன்றும் உண்டு. அரசசார்பற்ற நிறுவனங்களின் அறிக்கைகளும் நிதி வழங்குநருக்கான கடிதங்களும் பெரும்பாலும் ஆங்கிலத்திலேயே எழுதப்படுகின்றன. ஒரு பக்க ஆங்கில அறிக்கையை நீங்களே எழுதக்கூடிய நிலைக்கு வராதவரை அந்தக் கதவு அரைவாசிதான் திறக்கும். வகுப்புக்குப் போக வசதி இல்லையென்றால், சங்கக் கூட்ட அறிக்கையை மாதந்தோறும் தமிழில் எழுதியபின் ஆங்கிலத்திலும் ஒருமுறை எழுதி, ஆங்கில ஆசிரியர் ஒருவரிடம் திருத்திக்கொள்ளுங்கள். இலக்கணப் புத்தகத்தைவிட இது விரைவாகப் பலன் தரும். ஏனென்றால் நாளை அலுவலகத்தில் நீங்கள் எழுதப்போவதும் இத்தகைய அறிக்கையைத்தான்.

கேள்வி: ஐயா, நான் கிளிநொச்சி அறிவியல்நகரிலுள்ள விவசாய பீடத்தில் படித்துப் பட்டம் பெற்றேன். விதையும் பசளையும் கிருமிநாசினியும் விற்கும் கொழும்பு நிறுவனமொன்று விற்பனைப் பிரதிநிதி வேலை தருவதாகச் சொல்கிறது. அப்பாவுக்கு விருப்பமில்லை. "கந்தோர் வேலை வரும்வரை பொறு, பட்டம் எடுத்தவன் கடை கடையாக ஏறி இறங்குவதா?" என்று கேட்கிறார். போகலாமா, விடலாமா?
— விவசாயப் பட்டதாரி, பரந்தன்

பதில்: தம்பி, அப்பாவின் பேச்சை மூடத்தனம் என்று தள்ளிவிடாதீர்கள். காத்திருந்தவர்களுக்கு அரசாங்கம் வேலை கொடுத்த காலத்தை அவர் கண்ணாற் கண்டவர். 2020 இல் ஏறத்தாழ 50,000 பட்டதாரிகள் மாதம் 20,000 ரூபா கொடுப்பனவுடன் பயிலுனர்களாகச் சேர்க்கப்பட்டார்கள். பிரதேச செயலகங்களில் இன்று அபிவிருத்தி உத்தியோகத்தர்களாக இருக்கும் பலர் அவ்வழியே வந்தவர்கள். ஆனால் 2022 இல் நாட்டின் பொருளாதாரம் விழுந்தபின், அரச செலவைக் குறைப்பதற்காக ஆட்சேர்ப்பு இறுக்கப்பட்டது. மொத்தமாக நியமனம் கிடைக்கும் என்று நம்பி இளமையின் நான்கைந்து வருடங்களை வெறுமையாகக் கழிப்பதற்கு இது காலமில்லை.

நீங்களும் அப்பாவும் இதை இரண்டிலொன்றைத் தெரிவுசெய்யும் விடயமாகப் பார்க்கிறீர்கள். தனியார் நிறுவனத்தில் வேலை செய்பவர் இலங்கை விவசாய சேவைக்கோ நிர்வாக சேவைக்கோ நடைபெறும் திறந்த போட்டிப் பரீட்சைக்குத் தோற்றுவதற்கு எவ்விதத் தடையும் இல்லை. வர்த்தமானி வெள்ளிக்கிழமை தோறும் வெளிவருகிறது. இணையத்தில் தமிழிலும் வாசிக்கலாம். மோட்டார் சைக்கிளில் ஊர் சுற்றும் வேலையில் இருந்துகொண்டே அதைப் பார்க்கலாம், பரீட்சைக்குப் படிக்கலாம். கவனிக்கவேண்டியது வயதெல்லை ஒன்றுதான். ஒவ்வொரு சேவைக்கும் அது வேறு வேறாக இருப்பதால் உங்களுக்குப் பொருந்துவனவற்றை இப்போதே குறித்து வையுங்கள்.

இனி வேலையைப் பற்றிச் சொல்கிறேன். இரணைமடுக் குளத்தின் கீழ் சிறுபோகத்துக்கு எத்தனை ஏக்கர் விதைப்பது என்று முடிவெடுக்கும் பயிர்ச்செய்கைக் கூட்டத்தில் ஒருமுறை போய் அமர்ந்து பாருங்கள். நோய், விதை, பசளையின் அளவு என்று விவசாயிகள் கேட்கும் கேள்விகளுக்குக் கடைக்காரரே விடை சொல்லும் நிலை எங்கள் ஊர்களில் உண்டு. 2021 இல் இரசாயனப் பசளை இறக்குமதி திடீரெனத் தடைசெய்யப்பட்டு, சில மாதங்களில் அந்தத் தடை நீக்கப்பட்டபோது, எதை எவ்வளவு இடுவது என்று சொல்லித்தர ஆளில்லாமற் பட்ட பாட்டை வன்னி விவசாயிகள் மறக்கவில்லை. நோயை இனங்கண்டு, தெளிக்கவேண்டிய அளவையும், தெளித்தபின் அறுவடைக்கு எத்தனை நாள் பொறுக்கவேண்டும் என்பதையும் சொல்லக்கூடிய பட்டதாரி ஒருவர் கடை கடையாக ஏறி இறங்கினால் அது இழிவாகாது. தேவையில்லாத மருந்தைத் தள்ளிவிடாத பிரதிநிதி என்று பெயரெடுத்தால், அதுவே உங்கள் விளம்பரம்.

என்றாலும் கையொப்பமிடுவதற்கு முன் சில விடயங்களைக் கேட்டு எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். அடிப்படைச் சம்பளம் எவ்வளவு, தரகுப் பணம் எதைக்கொண்டு கணக்கிடப்படும், விற்ற நாளிலா பணம் வசூலான நாளிலா? மோட்டார் சைக்கிளும் எரிபொருளும் யாருடைய பொறுப்பு? எல்லாவற்றிலும் முக்கியமானது கடன் நிலுவை. நெல் விவசாயி அறுவடை முடிந்தபின்தான் கடைக்குப் பணம் கொடுப்பார். கடைக்காரர் அதன் பின்னரே நிறுவனத்துக்குக் கொடுப்பார். மழை பிந்தினாலோ வெள்ளம் வந்தாலோ இந்தச் சங்கிலி அறுந்துவிடும். வராத கடனைப் பிரதிநிதியின் சம்பளத்தில் வெட்டுவோம் என்று ஒரு வரி நியமனக் கடிதத்தின் நடுவே ஒளிந்திருந்தால், வேலையை வேண்டாம் என்று சொல்லுங்கள். மூலச் சான்றிதழ்களை எந்த நிறுவனத்திடமும் விட்டுவைக்காதீர்கள். காட்டிவிட்டுப் பிரதியைக் கொடுத்தாற் போதும்.

நிபந்தனைகள் நியாயமாக இருந்தால், கடிதத்தை அப்பாவின் கையிற் கொடுத்து வாசிக்கச் சொல்லுங்கள். சேமலாப நிதியும் மருத்துவக் காப்புறுதியும் எழுதப்பட்ட கடிதம் ஒன்றைக் கண்டால் "கந்தோர் வேலை" என்ற பேச்சு சற்றுத் தணியக்கூடும். ஒரு குறிப்பேடும் வைத்துக்கொள்ளுங்கள்: எந்தக் கிராமத்தில், எந்தப் பயிரில், எந்த நோயைக் கண்டீர்கள், என்ன பரிந்துரைத்தீர்கள், விளைவு என்ன? இரண்டு போகம் முடியும்போது, விவசாய விரிவாக்க வேலை எதற்கும் நீங்கள் எடுத்துச் சென்று காட்டக்கூடிய சான்று அதுவாக இருக்கும்.

கேள்வி: பம்பைமடுவிலுள்ள வவுனியாப் பல்கலைக்கழகத்தில் தகவல் தொழில்நுட்பம் படித்தேன். அம்மா தனியே இருப்பதால் கொழும்புக்குப் போக முடியாது. வீட்டிலிருந்தே இணையவழியில் உழைக்கலாம் என்று சிறு சேவைகளை விற்கும் ஃபைவர் என்ற தளத்தில் கணக்குத் திறந்து, இணையத்தள வடிவமைப்பு, இலச்சினை, தரவுப் பதிவு, காணொளித் தொகுப்பு என எல்லாம் செய்வேன் என்று போட்டிருக்கிறேன். மாதக்கணக்காக ஓர் ஓடர்கூட வரவில்லை.
— நெடுங்கேணி வாசகர்

பதில்: வராததற்குக் காரணத்தை உங்கள் கடிதமே சொல்கிறது. எல்லாம் செய்வேன் என்பவரிடம் எதைக் கேட்பது என்று வாங்குபவருக்குத் தெரிவதில்லை. உலகெங்குமிருந்து இலட்சக்கணக்கானோர் அதே நான்கு சொற்களைப் போட்டுக்கொண்டு அங்கே நிற்கிறார்கள். விலையைக் குறைத்து அவர்களை வெல்ல முடியாது. ஃபைவர் விற்பவரின் வருமானத்தில் 20 சதவீதத்தை எடுத்துக்கொள்வதால், ஐந்து டொலர் வேலைக்கு உங்கள் கைக்கு வருவது நான்கு டொலர்தான். அதற்குள் மின்சாரமும் டேட்டாவும் அடங்கவேண்டும்.

அவர்கள் பலரிடம் இல்லாத ஒன்று உங்களிடம் இருக்கிறது. கணினியும் தமிழும் சேர்ந்த அறிவைத்தான் சொல்கிறேன். எங்கள் பகுதியின் அலுவலகங்கள், சங்கங்கள், கோயில்கள் பலவற்றில் பழைய ஆவணங்கள் இன்னும் பாமினி என்ற பழைய தமிழ் எழுத்துருவிலேயே கிடக்கின்றன. அவற்றைத் தேடவும் முடியாது, கைத்தொலைபேசியில் வாசிக்கவும் முடியாது. அவற்றை ஒருங்குறிக்கு (யூனிகோட்) மாற்றி, மாற்றத்தில் வரும் பிழைகளைக் கண்ணால் பார்த்துத் திருத்திக் கொடுப்பது ஒரு சேவை. அரிசி ஆலையொன்றுக்கு நெற் கொள்வனவுப் பற்றுச்சீட்டைத் தமிழில் அச்சிடும் சிறிய மென்பொருள், பல நோக்குக் கூட்டுறவுச் சங்கத்துக்கு இருப்புக் கணக்கு, தனியார் கல்வி நிலையத்துக்கு வரவும் கட்டணமும் பதியும் அட்டவணை என்று நெடுங்கேணியிலிருந்து ஓமந்தை போய்ச் சேர்வதற்குள் உங்களுக்கு ஐந்தாறு வாடிக்கையாளர் அகப்படக்கூடும். அவர்கள் தாமாக உங்களைத் தேடி வரமாட்டார்கள். ஆலைக்குப் போய், அங்கே கணக்கு எழுதுபவரின் பக்கத்தில் அரைநாள் இருந்து, அவருக்கு எங்கே நேரம் வீணாகிறது என்று பாருங்கள். பிறகு செய்து காட்டுங்கள். பேசி விளக்க முற்படாதீர்கள்.

விலையை எழுத்திற் பேசுங்கள். பாதிப் பணம் முன்னதாக, மீதி ஒப்படைக்கும்போது. எத்தனை தடவை மாற்றம் செய்து தருவீர்கள் என்பதும் அதில் இருக்கவேண்டும், இல்லையேல் அந்த ஒரு வேலை சித்திரை வரை நீளும். இணைய முகவரியை வாடிக்கையாளர் பெயரிலேயே பதிவுசெய்யுங்கள். தம் பெயரிற் பதிந்து வைத்துக்கொண்டு பின்னர் பிணக்குப்படுபவர்களால் இந்தத் தொழிலுக்கே கெட்ட பெயர். வேலை நிலைபெற்றதும் பிரதேச செயலகத்தில் வணிகப் பெயரைப் பதியுங்கள். நிறுவனங்கள் விலைமனுக் கோரும்போதும் வங்கிக் கணக்குத் திறக்கும்போதும் அந்தச் சான்றிதழைக் கேட்பார்கள்.

முடித்த வேலைகள் மூன்று கையில் இருந்தால், அப்போது வெளிநாட்டுப் பக்கம் திரும்பலாம். ரொறன்ரோவிலும் லண்டனிலும் பாரிஸிலும் தமிழ்ச் சங்கங்கள், பழைய மாணவர் சங்கங்கள், கடைகள், கோயில்கள் இருக்கின்றன; அவற்றுக்கு இரு மொழியில் இயங்கும் இணையத்தளம் தேவைப்படுகிறது. வன்னியில் வெளிநாட்டு உறவினர் இல்லாத வீடு குறைவு. அவர்களிடம் பணம் கேட்பதைவிட அறிமுகம் கேட்பது நல்லது: "மாமா, உங்கள் சங்கத்தின் செயலாளருக்கு நான் செய்த இந்தத் தளத்தைக் காட்டுவீர்களா?" ஃபைவரை மூடிவிடச் சொல்லவில்லை. தமிழ் – ஆங்கில இணையத்தளம், பாமினி – ஒருங்குறி மாற்றம் என்ற இரண்டை மட்டும் வைத்துக்கொண்டு மற்றவற்றை அழித்துவிடுங்கள்.

எச்சரிக்கை ஒன்று. ரெலிகிராமிலும் வட்ஸ்அப்பிலும் "காணொளிக்கு விருப்பம் இட்டாற் பணம்" என்று தொடங்கி, முதலிற் சில நூறு ரூபா தந்து, பின்னர் வைப்புப் பணம் கேட்பவை எல்லாம் மோசடி. உங்கள் வங்கிக் கணக்கில் எவருடையவோ பணத்தை வாங்கி இன்னொருவருக்கு மாற்றிவிட்டாற் தரகு தருவோம் என்பவர்கள் அதைவிட ஆபத்தானவர்கள். பொலிஸ் விசாரணை வரும்போது கணக்கின் சொந்தக்காரர் நீங்கள்.

கேள்வி: நான் கணக்கியல் பட்டதாரி. 2009 இல் சிறுமியாக இருந்தபோது எறிகணை வீச்சில் ஒரு காலை இழந்தேன். செயற்கைக் கால் அணிந்திருக்கிறேன். இதைச் சுயவிபரக்கோவையில் எழுதவேண்டுமா? நேர்முகத்தில் எல்லோரும் அந்தக் கதையையே கேட்கிறார்கள். கணக்கியலைப் பற்றிக் கேட்பது குறைவு.
— முள்ளியவளை வாசகி

பதில்: தனியார் துறைச் சுயவிபரக்கோவையில் எழுதவேண்டியதில்லை. கணக்கு எழுதுவதற்குக் கால் தேவையில்லை. நேர்முகத்துக்கு அழைப்பு வந்தபின், அறை மேல்மாடியில் இருந்தாலோ வேறு ஒழுங்கு தேவைப்பட்டாலோ, அதைத் தொலைபேசியில் இரண்டு வரியிற் சொல்லுங்கள். காரணத்தை விரிக்கத் தேவையில்லை.

அரச துறையில் நிலைமை வேறு. 1988 ஆம் ஆண்டின் 27 ஆம் இலக்கப் பொது நிர்வாகச் சுற்றறிக்கை, அரச சேவை வெற்றிடங்களில் 3 சதவீதத்தைத் தகுதியுள்ள மாற்றுத்திறனாளிகளுக்கு ஒதுக்கவேண்டும் என்கிறது. 1996 ஆம் ஆண்டின் 28 ஆம் இலக்கச் சட்டம், வேலைக்குச் சேர்ப்பதில் அவர்களுக்குப் பாரபட்சம் காட்டுவதைத் தடைசெய்கிறது. இவை நடைமுறையில் ஒழுங்காகக் கைக்கொள்ளப்படுகின்றன என்று என்னாற் சொல்ல முடியாது. கேட்பவர் குறைவாக இருப்பதும் அதற்கு ஒரு காரணம். ஆகவே அரச விண்ணப்பங்களில் மருத்துவச் சான்றையும் இணைத்து, சுற்றறிக்கையின் இலக்கத்தைக் குறிப்பிட்டே எழுதுங்கள். பிரதேச செயலகத்தின் சமூக சேவை உத்தியோகத்தரிடம் உங்கள் பெயர் பதிவாகியிருக்கிறதா என்றும் பாருங்கள்.

அந்தக் கதையைக் கேட்பவர்களுக்கு ஒரு வாக்கியம் வைத்திருங்கள்: "2009 இல் காலை இழந்தேன், அதன் பின்னர்தான் பாடசாலையும் பல்கலைக்கழகமும் முடித்தேன். நான் கையாண்ட கணக்கு மென்பொருளைப் பற்றிச் சொல்லட்டுமா?" கேட்டவர் பண்புள்ளவராயின் அங்கே பேச்சு திரும்பிவிடும். திரும்பாவிட்டால், எங்கே வேலை செய்ய வேண்டியிருக்கும் என்பதை நீங்களும் அறிந்துகொண்டதாகும். இரக்கத்தால் வரும் வேலையை மறுக்கவும் வேண்டாம், அதற்காகக் குறைந்த சம்பளத்தை ஏற்கவும் வேண்டாம்.

கேள்வி: என் தம்பி வணிகப் பட்டதாரி. தாய்லாந்தில் கணினியில் தரவு பதியும் வேலை, மாதம் ஆயிரத்துக்கு மேற்பட்ட டொலர் சம்பளம், சுற்றுலா விசாவிற் போய் அங்கே மாற்றிக்கொள்ளலாம் என்று ஒருவர் முகநூலிற் சொல்கிறார். நகையை அடகு வைக்கச் சொல்லி வீட்டில் நச்சரிக்கிறான்.
— ஒரு தமக்கை, புதுக்குடியிருப்பு

பதில்: அடகு வைக்காதீர்கள். சுற்றுலா விசாவில் வேலைக்கு அனுப்பும் எவரும் சட்டப்படி ஆளனுப்புபவர் அல்லர். தாய்லாந்து என்று சொல்லி அழைத்துச் சென்று, எல்லை கடத்தி மியன்மாரின் மியாவடிப் பகுதியிலுள்ள இணைய மோசடி முகாம்களில் அடைத்து வைக்கப்பட்ட இலங்கையர் பலரை அரசாங்கம் மீட்டு வந்திருக்கிறது. அவர்களுக்கும் கணினி வேலை என்றே சொல்லப்பட்டது. ஆங்கிலமும் கணினியும் தெரிந்த படித்த இளைஞர்களையே அந்தக் கும்பல்கள் தேடுகின்றன. முகவரின் அனுமதிப்பத்திர இலக்கத்தைக் கேட்டு, இலங்கை வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகத்தின் 1989 என்ற தொலைபேசி இலக்கத்தில் விசாரியுங்கள். இலக்கத்தைக் கேட்டதும் அந்த நபர் கோபித்தால் அதுவே போதுமான விடை.

தம்பி மீது கோபப்படவேண்டாம். வெளிநாடு போவதுதான் அவருடைய எண்ணமென்றால், அறிவியல்நகரிலுள்ள இலங்கை – ஜேர்மன் தொழிற்பயிற்சி நிலையம் போன்ற இடங்களில் தேசியத் தொழிற்தகைமைச் சான்றிதழுடன் ஒரு தொழிலைக் கற்றுக்கொள்ளச் சொல்லுங்கள். பட்டதாரி வெல்டிங் பழகுவதா என்று ஊர் பேசும், பேசட்டும். கணக்குத் தெரிந்த தொழில்வினைஞருக்குத் தன் சொந்தப் பட்டறையை நடத்துவதும் எளிது.

கேள்வி: கிளிநொச்சி நகரில் கட்டடப் பொருள் கடையொன்றில் எட்டு மாதமாகக் கணக்குப் பார்க்கிறேன். நியமனக் கடிதம் இல்லை; சேமலாப நிதி இல்லை. "பயிற்சிக் காலம்" என்கிறார் முதலாளி. இந்த அனுபவத்தை வேறு வேலைக்குக் காட்ட முடியுமா?
— முகாமைத்துவப் பட்டதாரி, தருமபுரம்

பதில்: காட்டலாம், முதலில் உரிமையைச் சொல்லிவிடுகிறேன். ஊழியர் சேமலாப நிதி வேலைக்குச் சேர்ந்த முதல் நாளிலிருந்தே உரியது. பயிற்சிக் காலம் என்றோ, கடையில் ஒருவர்தான் வேலை செய்கிறார் என்றோ அதைத் தவிர்க்க முடியாது. உங்கள் சம்பளத்தில் 8 சதவீதத்தைக் கழித்து, முதலாளி தம் பங்காக 12 சதவீதத்தைச் சேர்த்துக் கட்டவேண்டும். ஊழியர் நம்பிக்கை நிதிக்கு முதலாளி மட்டும் 3 சதவீதம் கட்டவேண்டும். மாதச் சம்பளமும் 2026 ஜனவரி முதல் 30,000 ரூபாவுக்குக் குறையக்கூடாது.

நேரே தொழில் திணைக்களத்துக்குப் போவதற்கு முன் முதலாளியிடம் தனியாகப் பேசிப் பாருங்கள். சிறிய கடைக்காரர் பலருக்கு இந்தப் பதிவு எப்படிச் செய்வது என்று தெரியாது. படிவத்தை நீங்களே நிரப்பித் தருவதாகச் சொன்னால் சிலர் ஒப்புக்கொள்வார்கள், அதோடு சேமலாப நிதிப் பதிவு செய்த அனுபவமும் உங்களுக்குக் கிடைக்கும். இணங்காவிட்டால் திணைக்களத்தின் மாவட்ட அலுவலகத்தில் முறையிடலாம். சம்பளம் வாங்கிய நாள், தொகை ஆகியவற்றை ஒரு கொப்பியிற் குறித்து வாருங்கள். இயலுமானால் சம்பளத்தை வங்கிக் கணக்குக்கு அனுப்பச் சொல்லுங்கள். நியமனக் கடிதம் இல்லாதவருக்கு வங்கிக் கூற்று நல்ல சான்று.

சுயவிபரக்கோவையில் "கணக்கு உதவியாளர்" என்று மட்டும் எழுதாமல், நாளாந்தம் எத்தனை பட்டியல் பதிகிறீர்கள், இருப்பு எடுப்பில் உங்கள் பங்கு என்ன, கடன் வாடிக்கையாளரின் கணக்கை எப்படி ஒழுங்குபடுத்தினீர்கள் என்று எழுதுங்கள். கடையின் தொகைகளையும் வாடிக்கையாளர் பெயர்களையும் வெளியே சொல்லாதீர்கள். அடுத்த முதலாளி அதைக் கேட்டு மகிழமாட்டார், தம்முடைய கணக்கும் இப்படித்தான் வெளியே போகும் என்று நினைப்பார். அனுபவக் கடிதத்தை விலகும் நாளிற் கேட்காமல், உறவு நன்றாக இருக்கும் இப்போதே கேட்டு வாங்கி வையுங்கள்.